யோவ், ஃபேன நிறுத்து

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்ற என் மனைவி செல்வி, இணையத்தில் எல்லோரும் கேட்கும் பாட்காஸ்ட்டுக்காக என் போனில் மீன் குழம்பு பற்றிப் பேசினாள். நடுவில், "யோவ், ஃபேன நிறுத்துய்யா, காத்து சத்தம் கேக்குது. இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்று என்னை அதட்டினாள்.

ஊரே கேட்குமே என்று கூச்சம். அதை மட்டும் வெட்டிவிட்டு, மகள் சொல்லித் தந்தபடி ஏற்றி வெளியிட்டேன். போனில் இடமில்லாததால் முழுப் பதிவையும் அழித்துவிட்டேன்.

அடுத்த மாதமே மாரடைப்பில் செல்வி போய்விட்டாள். அவள் குரல் அந்த ஒரு பாட்காஸ்ட்டில்தான் இருக்கிறது. தினமும் போட்டுக் கேட்கிறேன். ஊருக்கெல்லாம் பேசுகிறாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

வெட்டிய இடம் வந்ததும் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துகிறேன்.

எழுதியது: ஆடி மாதம், முதல் வெள்ளிக்கிழமை.