லண்டனுக்கு முன்னால் வட்டவளை

2023 மார்ச் 6, திங்கட்கிழமை, காலை பத்து மணி. எங்கள் ஊர் லிந்துலையில் மூடுபனி விலகி நல்ல வெயில். லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்த என் மகளோடு வேனில் புறப்பட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அங்கே வேலையில் சேர வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்கு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

பயணக் கணக்கை ஒரு வாரமாகப் போட்டு வைத்திருந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டன் நேர்கோட்டில் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். இரவு எட்டு மணிக்கு விமானம். கட்டாரில் இறங்கி வேறு விமானம் ஏறுவதையும் சேர்த்துப் பதினாறு மணித்தியாலம். அங்கே கடிகாரம் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் ஓடுவதால், காலை ஆறரைக்கு இறங்கிவிடுவாள். பெட்டியை மூன்று முறை நிறுத்தேன்; இருபத்தொன்பது கிலோ அறுநூறு கிராம், விடுவது முப்பது. ஏழு மணிக்கு மேல் விமான நிலையத்தில் பெட்டி வாங்கமாட்டார்கள். அங்கே போய்ச்சேர ஆறு மணித்தியாலம், பயத்துக்கு இன்னும் மூன்று. கணக்கில் எங்கும் ஓட்டையில்லை.

முதல் நாள் மாலை என் மனைவி மட்டும் கேட்டாள்.

“என்னங்க, நாளைக்குப் பௌர்ணமி போயா. மலையேறிக் கும்பிடப் போன சனமெல்லாம் எறங்கி ரோட்டை அடைக்குமே?”

“பிளேன் போயா பாக்காது” என்றேன்.

வட்டவளை வளைவில், கீழிருந்து ஏறிய யாத்திரை பஸ் ஒன்றும் மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து இறங்கிய பஸ் ஒன்றும் முகத்துக்கு முகம் சிக்கி நின்றன. இரண்டு பக்கமும் வரிசை. இறங்கி நடந்து எண்பத்துமூன்று பஸ் வரை எண்ணிவிட்டுத் திரும்பினேன். மணி ஒன்றேகால்.

“லண்டனுக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கோம்ப்பா?” என்றாள் மகள்.

வேனின் மீற்றரைப் பார்த்தேன். “முப்பத்தெட்டு கிலோமீற்றர்.”

“அப்ப பாக்கி கொஞ்சந்தான்.”

சாரதி சிரித்தார். வானத்தில் ஒரு நிமிடமும் விடாமல் எண்ணியவன், வீட்டிலிருந்து முதல் நாற்பது கிலோமீற்றரை எண்ணாமல் விட்டிருந்தேன்.

பஸ்களின் ஓரமாக நெளிந்து வந்த ஓட்டோ ஒன்றை மகள்தான் கைகாட்டி நிறுத்தினாள்.

“நெரிசல் தாண்டிக் கினிகத்தேனை டவுன் வரைக்கும் போவீங்களாண்ணே?”

ஓட்டோக்காரர் பெட்டியைப் பார்த்தார். “இது ஏறும். அப்பா ஏறுவாரான்னுதான் பாக்கணும்.”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். ஒரு சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானின் விளிம்பில் ஓடியது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கினிகத்தேனையில் ஒரு கார் பிடித்தோம். விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியைத் தராசில் வைத்தபோது மணி ஆறு இருபத்தைந்து.

மறுநாள் பகல் ஒன்றரைக்கு மகளிடமிருந்து தொலைபேசி வந்தது.

“ஆறு முப்பத்தஞ்சுக்கு எறங்கிட்டேன்ப்பா. வேலைக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன்.”

“பாத்தியா, எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றருக்கு என் கணக்கு அஞ்சு நிமிசந்தான் பிழை” என்று மனைவியிடம் சொன்னேன்.

“ரோட்டுக்கு எவ்வளவுங்க?” என்றாள்.

பாதி வழியில் விட்ட வேனுக்குப் பேசியபடி இருபத்தெட்டாயிரம், ஓட்டோவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, காருக்கு இருபத்தோராயிரம். ஆக, ரோட்டுக்கு மட்டும் ஐம்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.