பத்து மதிப்பெண் கழிவு

நான் வினாத்தாள் எழுதிய பாடத்தில் எல்லாரையும்விட அதிகமாக வாங்கியிருந்த ஒரு பெண்ணிடம், "உனக்கு அடிப்படை போதாது" என்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். வெளியே காத்திருந்த அவள் தகப்பனாரிடமும் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லி அனுப்பினேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எனக்கு எழுபத்தாறு வயது.

புனேயில் முப்பது வருஷம் கணிதம் கற்பித்தேன். பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரிகளில் எங்களுடையதுதான் பழையது. கருங்கல் கட்டடம், உயர்ந்த கூரை, சுவர் முழுக்க முன்னாள் முதல்வர்களின் படங்கள். பட்டச் சான்றிதழில் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே முத்திரைதான். ஆனால் எது உசத்தி, எது மட்டம் என்பது உள்ளே இருக்கிற பியூனுக்குக்கூடத் தெரியும். பட்டியலின் அடியில், முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோந்த்வா பக்கத்துக் கல்லூரி இருந்தது. கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம்.

அப்போது ஒவ்வொரு கல்லூரியும் தன் வினாத்தாளைத் தானே தயாரித்துக்கொள்ளும். எங்கள் தாள் கடினம். அது எங்களுக்குப் பெருமை. தேர்வு முடிவு வந்த அன்று டீக்கடையில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "உங்க பேப்பர்ல எத்தனை பேர் ஃபெயில்?" என்பதுதான். பாதி வகுப்பைத் தோற்கடித்தவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து டீ குடிப்பார். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கோந்த்வாவில் எண்பது, தொண்ணூறு சர்வசாதாரணமாக வரும். எங்கள் துறையில் ஒரு மராத்திக்காரர், "அங்கே தொண்ணூறு வாங்கினவனை இங்கே கூட்டி வா, கரும்பலகை துடைக்கத் தெரியுதான்னு பார்ப்போம்" என்பார். எல்லாரும் சிரிப்போம்.

எம்.எஸ்ஸி. வகுப்பு எங்கள் வளாகத்தில் மட்டுமே இருந்தது. எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் இருபது இடங்களுக்கு விண்ணப்பிப்பார்கள். பி.எஸ்ஸி. இறுதி ஆண்டு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை. அவர்கள் தாள் சுலபம், எங்கள் தாள் கஷ்டம் என்றால் இரண்டு எண்களையும் எப்படி அப்படியே ஒப்பிடுவது? கோந்த்வா விண்ணப்பங்களில் பத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம் என்று சேர்க்கைக் குழுவில் யோசனை சொன்னவன் நான். விதிகளில் அதற்கு இடம் இல்லை. அதனால் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம். சில வருஷங்களில் அது வழக்கமாகிவிட்டது. யாரும் தவறாக நினைக்கவில்லை. நியாயம் என்றே நினைத்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், இறுதி ஆண்டுக்கு எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான வினாத்தாள் என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. விடைத்தாள் திருத்துவதும் பொதுவாக ஒரே இடத்தில். ஒரு பாடத்துக்கு வினாத்தாளை நானே எழுதினேன், எங்கள் வழக்கப்படி கடினமாகவே. அதில் எங்கள் கல்லூரியின் சிறந்த மாணவன் வாங்கியது எண்பத்துநான்கு. கோந்த்வாவில் ஒரு பெண் தொண்ணூற்றொன்று.

சேர்க்கைக் குழு கூடியபோது இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். "இந்த வருஷம் ஒரே தாள்தானே சார், இன்னும் எதுக்குக் கழிக்கணும்?"

"வழக்கத்தை ஒரே வருஷத்துல மாத்தினா கேள்வி வரும். இந்த வருஷம் இருக்கட்டும்" என்றேன்.

நான் சொல்லாமல் விட்டது வேறு. கழிக்காவிட்டால் இருபதில் ஏழு இடம் அவர்களுக்குப் போயிருக்கும். அந்த ஏழு பெயர்களை எங்கள் துறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. எல்லாப் பாடமும் சேர்த்து அந்தப் பெண்ணின் சராசரி எண்பத்தாறு. பத்து போக எழுபத்தாறு. கடைசி இடம் எழுபத்தெட்டு வாங்கிய எங்கள் மாணவனுக்குப் போயிற்று.

பட்டியல் ஒட்டிய மறுநாள் அவள் என் அறைக்கு வந்தாள். கதவில் இருந்த பெயரைப் பார்த்துத் தமிழன் என்று ஊகித்திருக்கிறாள். மேலப்பாளையத்திலிருந்து வந்து கோந்த்வாவில் பெட்டியும் பையும் விற்கும் கடை வைத்திருந்த குடும்பம். அவளுடைய தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

"சார், கொஸ்டின் பேப்பர் ரெண்டு காலேஜுக்கும் ஒண்ணுதானே?"

"கமிட்டி பல விஷயங்களைப் பார்க்கும்மா."

"என்ன விஷயம் சார்? மத்லப்… அதாவது, சொன்னீங்கன்னா அடுத்த வருஷம் அதை சரி பண்ணிட்டு வருவேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்போதுதான் அடிப்படை போதாது என்று சொன்னேன்.

வராந்தாவில் அவள் தகப்பனார் நின்றிருந்தார். தொப்பி, கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். துறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார், அங்கே யாரும் கழற்றுவதில்லை. "பொண்ணு இன்னும் கொஞ்சம் உழைச்சிருக்கணும்" என்றேன். "சரிங்க ஸார். ரொம்ப நன்றி ஸார்" என்றார். எதற்கு நன்றி என்று நான் நின்று யோசிக்கவில்லை. வகுப்பு இருந்தது.

அடுத்த வருஷம் அவள் விண்ணப்பிக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் அவள் கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டால் நல்ல பதில் கிடையாது. என் மனைவி போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. நானே என்னோடு பேச வேண்டியதாயிற்று. அவ்வளவுதான்.

சென்ற வருஷம் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அப்படி ஒரு நடைமுறை இருந்ததற்கான பதிவு எதுவும் இல்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. உண்மைதான், அழித்தவனே நான்தான். நேரில் போனேன். சேர்க்கைப் பிரிவில் ஒரு இளைஞர் மரியாதையாக உட்காரவைத்தார். "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் சார். ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு எண் இருக்கு, அதால பெருக்கிக்கும். யாரும் கை வைக்க முடியாது" என்றார். கோந்த்வா கல்லூரியின் எண் என்ன என்று கேட்டேன். ஒன்றுக்குக் குறைவாக இருந்தது. அதை யார் போட்டது என்று அவருக்கும் தெரியவில்லை.

பிறகு கோந்த்வா கல்லூரிக்குப் போய், அவளுக்குப் பாடம் எடுத்தவரைத் தேடிப் பிடித்தேன். அவரும் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். நான் யார் என்று சொல்லி, அவள் பெயரையும் சொன்னேன். "இப்ப எதுக்கு சார்? இன்னும் பத்து கழிக்கவா?" என்று ஹிந்தியில் கேட்டார். அங்கே எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. ஆனாலும் அவளைக் கேட்டுவிட்டு அவளுடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

புனேயிலேயே கராடிப் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தாள். மதிய இடைவேளையில் கட்டடத்தின் கீழே இருந்த காபிக்கடைக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியோரம் இரண்டு நரை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றாள். "பேப்பர் ஒண்ணு, மார்க் ஜாஸ்தி. வேற என்ன இருக்கும்? வாப்பாக்குத்தான் தெரியாது. நான் சொன்னா நம்பல. இன்னிக்கும் கல்யாண வீட்டுல யாராவது 'உங்க பொண்ணு கணக்குல பெரிய ஆளாமே'ன்னு கேட்டா, 'எங்க? அந்தப் பெரிய காலேஜ் ஸாரே உழைப்பு போதாதுன்னுட்டாரு'ம்பாங்க. நான் பக்கத்துலதான் நிப்பேன்."

எம்.எஸ்ஸி. இப்போது படிக்க ஆசையிருந்தால் என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றேன். சிரித்தாள்.

"அதெல்லாம் போச்சு சார். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. வாப்பாகிட்ட வந்து சொல்லுங்க. அவங்களுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு. இருக்கிறப்பவே தெரியணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோந்த்வாவுக்குப் போனேன். கடை முழுக்கப் பெட்டிகளும் பள்ளிக்கூடப் பைகளும் தொங்கின. அவர் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் தடுப்பதற்குள், பெரிய காலேஜ் புரொபசர் தன் கடைக்கு வந்திருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் ஹிந்தியில் கூவிச் சொல்லி டீ வரவழைத்தார். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "உங்க பொண்ணுதான் எல்லாரையும்விட நல்லா எழுதியிருந்தா. அவ இடத்தை நான்தான் பறிச்சேன். உழைப்பு போதாதுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்." பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் நீட்டினேன்.

கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இதுல காலேஜ் சீல் இல்லியே ஸார்" என்றார். பிறகு சிரித்தார். "எனக்கு ஆபரேஷன் முடிஞ்சதுலேர்ந்து இவ இப்படித்தான். வாப்பா மனசு சந்தோஷப்படணும்னு என்னத்தையாவது செய்துட்டே இருப்பா. ஒங்களையும் தொந்தரவு பண்ணிட்டாளா?"

"இல்லைங்க, நானாத்தான் வந்தேன். நான் சொல்றது நிஜம்."

"அந்தக் காலேஜ்ல அப்படில்லாம் நடக்காது ஸார். நான் அங்க வந்து பாத்திருக்கேம்லா."

மகளுக்குக் குரல் உயர்ந்தது. "வாப்பா, சார் பொய் சொல்ல மாட்டாங்க."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன்" என்றார் அவர். "ஸார் பொய் சொல்ல மாட்டாங்க. அன்னைக்கு மட்டும் சொல்லிருப்பாங்களா?"

அவர் குடித்து முடித்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் அவர் என் கையைப் பிடித்து, டீ ஆறிவிட்டதே, இன்னொன்று சொல்லட்டுமா என்று கேட்டார்.

அதன் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை, குழுவில் அன்றைக்குக் கேள்வி கேட்ட இளைய உறுப்பினரையும் அழைத்துப் போகப் பார்த்தேன். அவர் இப்போது எங்கள் கல்லூரியில் துறைத் தலைவர். தனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். தனியாகத்தான் போனேன். பெரியவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார், குழந்தை சொல்வதைக் கேட்பதுபோல. கிளம்பும்போது எனக்கென்று ஒரு தோள்பையை எடுத்துவைத்துவிட்டு, விலை வாங்க மாட்டேன் என்றார்.

மறுபடி வருகிறேன் என்று போன வாரம் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"வேண்டாம் சார்" என்றாள். "நீங்க வர வர வாப்பாக்கு உங்க மேல மரியாதைதான் கூடுது. 'இவ்வளவு பெரிய மனுஷன், பாரு, நமக்காக எவ்வளவு இறங்கி வர்றாரு'ங்கறாங்க. நேத்து அதைச் சொல்லிட்டு, 'நீ அன்னைக்கு ஒழுங்காப் படிச்சிருந்தா இவர்கிட்டயே படிச்சிருக்கலாம்'னாங்க."

நான் போகவில்லை.