அக்காவின் ரிசல்ட்

"ரிசல்ட் வந்துருச்சுண்ணே" என்றாள் லேப் பெண். அக்காவின் மார்புக் கட்டியில் எடுத்த சதையின் ரிசல்ட்.

சிறுவயதில், எங்கள் வாடிப்பட்டி வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பரீட்சை முடிவு என்று மட்டும்தான் பொருள். அக்கா பிளஸ் டூ எழுதிய வருடம், மை வாடை போகாத பேப்பரை வாசலிலேயே விரித்து அப்பா அவள் நம்பரைத் தேடினார். இல்லை.

"படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார்.

அக்கா மாட்டுக் கொட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அழுதாள். அடுத்த முகூர்த்தத்திலேயே எழுமலையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவளுடைய டீச்சர் மூச்சிரைக்க வந்தார். மனசு கேட்காமல் அவரே மறுகூட்டலுக்குப் போட்டிருந்தாராம்.

"கூட்டுனதுல தப்பு. பிள்ள பாஸு!"

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அம்மாதான், "இனிமே அத வச்சு என்ன டீச்சர் செய்ய?" என்றாள்.

இப்போது டாக்டர் ரிசல்ட்டையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, புற்று எலும்புவரை பரவிவிட்டது என்றார். வெளியே வந்ததும், "வேற எடத்துல பாப்போம்க்கா. தப்பாக்கூட இருக்கும்" என்றேன்.

"தப்புன்னு அன்னைக்கும் வந்து சொன்னாகளே தம்பி. எனக்கு என்ன மாறுச்சு?"