கிளைக்கு அடியில் விழுந்த பனி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமா, தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு கதை சொல்கிறேன். கதை என்று சொல்வது வாய்ப்பழக்கம், இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டேன். பொய் சொல்கிறவள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். இவள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறாள். அதனால்தான் நம்புகிறேன்.

பேக்கரியில் கேக்கின் மேல் கிரீம் பூ வைப்பது அவள் வேலை. தெருவுக்கே அவள் கேக்குக்காரி. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். மாடியில் வீட்டுக்கார அம்மா. அந்த வருஷம் நாத்தனாரும் அவர்களோடு வந்து சேர்ந்தாள். புருஷனுக்கு மூத்தவள். கட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, தம்பி வீட்டை விட்டால் ஒண்டுவதற்கு வேறு இடம் இல்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்து, கைத்தடியோடு நடக்கிறவள்.

கெட்டவள் இல்லை. ஆனால் அவள் கை சும்மா இருக்காது. உப்பு டப்பா இருந்த இடத்தில் மிளகு டப்பா இருக்கும். காலிப் பாத்திரத்தைக் கண்டால் கழுவிக் கவிழ்த்தால்தான் மனசு ஆறும். கேக்குக்காரிக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. 'என் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வீடாக்கிக்கொள்கிறாள்' என்ற சந்தேகம்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பேக்கரி ஆட்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். ஹாலில் ஜன்னல் மூலையில் மரம் வைத்தார்கள். கிளைகளில் வைக்கிற பனி கடையில் வாங்கியதல்ல, அவளே செய்தது. வெள்ளைச் சோப்பைத் துருவி, வெந்நீரில் கரைத்து, கஞ்சிமாவு சேர்த்து, கிரீம் அடிப்பதுபோல அடிப்பாள். நுரை கெட்டியாக எழும்பி நிற்கும். அதை விரலால் எடுத்துக் கிளைகளின் மேல் அப்ப வேண்டும்.

"மரத்துக்கு ஷேவிங்கா?" என்றாள் நாத்தனார், நாற்காலியில் இருந்தபடி.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணி. வெளிச்சம் மறைக்குது."

"நான் வந்ததுலேர்ந்து உனக்கு எல்லாமே மறைக்குது தாயே."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

மீதி நுரையைக் கிண்ணத்தோடு ஈரத்துணி போட்டு மூடி, மரத்தின் பக்கத்தில் குட்டை முக்காலியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

"நுரை எங்க அண்ணி?"

"காலியாத்தான் இருந்துச்சு. கழுவி வச்சேன்."

"நிறைய வச்சிருந்தேனே."

"சோப்பை எடுத்து நான் தின்னேன்னு சொல்றியா?"

கேக்குக்காரி துடைப்பத்தை எடுத்தாள். மரத்தடியில் கூட்டக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிளைகளின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

பனி மேலே அல்லவா விழும்? இது கீழே இருந்தது. நெருக்கமாக, வரிசையாக, புள்ளி புள்ளியாக. நின்று பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து பார்த்தாலும் பாதிதான் தெரியும்.

அன்றைக்குப் புருஷன் வந்ததும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"அக்கா தரையில உக்காந்தா, தூக்கறதுக்கு என் லிஃப்டைத்தான் கொண்டு வரணும். அது போய் மரத்தடியில பூந்துச்சா?"

"உங்க அக்காவால எது முடியும், எது முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நாம போன பிறகு வீட்ல யார் இருக்கா?"

அவன் குனிந்து கிளைகளின் அடியைப் பார்த்தான்.

கேக்குக்காரி ஒரு தந்திரம் செய்தாள். புது நுரை அடித்து, வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை அதில் கொஞ்சம் தாராளமாகவே விட்டாள். நுரை இளநீலமாக வந்தது. தொட்டவர் விரலில் லேசில் போகாது. அதே முக்காலியில் வைத்தாள்.

"கிண்ணத்தைத் தொடாதீங்க அண்ணி."

"தொடலைம்மா."

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. ஒரு பிறந்தநாள் கேக்கில் பெயரைத் தப்பாக எழுதி, சுரண்டிவிட்டு மறுபடி எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் நேராக மரத்தடியில் குனிந்தாள். வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே நீலப் புள்ளிகள். கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

மூன்று விரல் நுனியிலும் நீலம்.

"காலிக் கிண்ணம் கண்ணுல பட்டுச்சு. மறந்தாப்பல கழுவிட்டேன்..."

"போதும் அண்ணி. முட்டி வலி, கைத்தடி, எல்லாமே நாடகம். என்னை இந்த வீட்ல பைத்தியமாக்கப் பாக்குறீங்க."

நாத்தனார் கையை மெல்ல உருவிக்கொண்டாள். தம்பி எவ்வளவோ தடுத்தும் நிற்கவில்லை. விடிந்ததும் துணிப்பையோடு சித்தப்பா மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே ஒரே அறை, ஆறு பேர். வாசல் படியில் இறங்க அவள் பட்ட பாட்டைக் கேக்குக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்தும் மனசு இளகவில்லை.

அன்றைக்கு அவள் லீவு போட்டிருந்தாள். மத்தியானம் புதிதாக வெள்ளை நுரை அடித்து முக்காலியில் வைத்தாள். அடியில் இருப்பதைத் துடைத்துவிட்டு மேலே புதுப்பனி வைக்கலாம் என்று எண்ணம். புருஷன் வேலையில். வீட்டில் அவள் மட்டும்தான்.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மரத்தடியில் மல்லாந்து படுத்தாள்.

படுத்த பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு அழகு என்று. அங்கிருந்து பார்த்தால் மேலே முழுக்க பனி. ஒரு வானமே தன்னை நோக்கி இறங்கி வருகிற மாதிரி.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டி வால் இருந்தது. கிரீமை வைத்து விரலை எடுக்கும்போது நிற்குமே, அந்த வால். எல்லா வாலும் நேர் கீழே நீண்டிருந்தன. பக்கவாட்டில் ஒன்றுகூட இல்லை. உட்கார்ந்தவர் வைத்தால் அப்படி வராது.

கையை நீட்டினாள். உச்சியில் இருந்த கடைசிப் புள்ளியை விரல்நுனி சரியாகத் தொட்டது. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை.

வைத்தவர் படுத்துக்கொண்டே வைத்திருக்கிறார். எழுந்திருக்கவே இல்லை.

'அண்ணியால் படுக்க முடியும். ஆனால் படுத்தால், தூக்கிவிட ஆள் இல்லாமல்...'

ளப்.

நுரையில் விரல் விட்டு எடுக்கிற சத்தம். தினமும் நூறு தடவை கேட்கிற சத்தம். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

நீட்டிய கையின் மணிக்கட்டில் ஜில்லென்று ஏதோ பட்டது. துணியில் இருந்து சொட்டுகிறது என்று நினைத்தாள்.

துணி இன்னொரு கையில் இருந்தது.

ளப்.

மறுபடி ஜில். கொஞ்சம் கீழே.

ளப்... ஜில்.

ளப்...

முழங்கை வரை வந்துவிட்டது.

மூச்சு விடவில்லை அவள். பக்கத்தில் யாரோ விட்டார்கள்.

மெதுவாக... சீராக...

எப்படி எழுந்தாள், எப்படித் தெருவுக்கு வந்தாள், தெரியாது. வெயிலில் நின்று கையைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கம், மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை, வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். நெருக்கமாக. அழகாக.

அவள் கையையும் ஒரு கிளை என்று நினைத்திருக்கிறது.

வீட்டுக்குள் திரும்பிப் போகவில்லை. நேரே சித்தப்பா மகள் வீட்டுக்குப் போனாள். ஆறு பேருக்கு நடுவே சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் கையைக் காட்டி, எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் சொன்னது தப்பு அண்ணி. வாங்க."

"பயத்துல கூப்பிடறியா, பாசத்துல கூப்பிடறியா?"

"பயத்துலதான் வந்தேன். வர்ற வழியெல்லாம் உங்க முட்டிதான் ஞாபகம்."

நாத்தனார் அந்தப் புள்ளிகளில் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஒரு ராத்திரி வர்றேன். பையைப் பிரிக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் இருவரும் மாடியேறினார்கள். ஏறுவதற்கே வெகுநேரம் ஆயிற்று. புள்ளிகளைப் படுத்தபடியே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதில் இருந்து யோசித்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் கேட்டாள்.

"கீழ் வீட்ல முன்னாடி யாராவது படுத்த படுக்கையா இருந்தாங்களா?"

வீட்டுக்கார அம்மா முகம் வாடியது. "ஒரு பொண்ணு. ஜன்னல் மூலையிலதான் மெத்தை போட்டிருந்தாங்க. பேச்சு வராது. வலது கை மட்டும் அசையும். வருஷக் கணக்கா விட்டத்தைப் பாத்துக்கிட்டே கெடந்தா, பாவம்."

"எப்ப தவறிப் போச்சு?" என்றாள் கேக்குக்காரி.

"யாரு தவறினது?"

"அந்தப் பொண்ணு."

"ஐயோ, வாயைக் கழுவு. அவ இருக்காம்மா. வேற ஊர்ல, அவங்கம்மாகூட. நேத்து ராத்திரிகூட அவங்கம்மா போன்ல அழுதாங்க. இந்த மூணு நாளா மத்தியானம் ஆனா போதும், கண்ணைத் தொறந்தபடியே கெடக்குறாளாம். கூப்பிட்டாத் திரும்பறதில்ல. கிள்ளினாக்கூடத் தெரியல. உடம்பு மட்டும் அங்க இருக்கற மாதிரி. அப்புறம் சாயங்காலம் தானா முழிச்சுக்கிட்டு..."

"முழிச்சுக்கிட்டு?"

"சிரிக்கிறாளாம். இத்தனை வருஷத்துல அவ சிரிச்சுப் பெத்தவளே பாத்ததில்லையாம்."

இருவரும் படி இறங்கினார்கள். கீழே வந்ததும் நாத்தனார் மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்தாள்.

"மரத்தை எடுத்துடப் போறியா?"

கேக்குக்காரி ஜன்னல் மூலையைப் பார்த்தாள். "இல்ல அண்ணி. இருக்கட்டும்."

"அப்போ மத்தியானம் வீட்ல ஒரு ஆள் இருக்கணும். அந்தப் புள்ள வர்ற நேரத்துல வீடு வெறிச்சுனு கெடக்கக் கூடாது." கைத்தடியால் தன் துணிப்பையைத் தொட்டுக் காட்டினாள். "அதைப் பிரிச்சு உள்ள வை."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் படுத்தவர்கள் எழுந்து நடக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் இருட்டுவதற்குள் திரும்பட்டும். உங்களைத் தேடி வருகிறவர்கள் யாராக இருந்தாலும், வாசல் வழியாகவே வரட்டும்.