திரும்பி வந்த தொதல்

காலையிலிருந்து என் வேனுக்குள் தொதல் வாசம். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற கீழக்கரை இனிப்பு. எனக்கு இன்னும் அந்த வாசம் ஆகாது. தின்றதால் அல்ல, ஓடியதால்.

நான் வெளிநாடு போன கதையை உங்களுக்குச் சொன்னதில்லை. போகாததுதான் காரணம். மழை பொய்த்து எங்கள் மிளகாய்க் காடு கருகிய சமயம், கீழக்கரை ஆமினா லாத்தாவின் கணவர் சார்ஜாவிலிருந்து எனக்கு விசா அனுப்பினார். அக்காவைத்தான் அங்கே லாத்தா என்பார்கள். அப்போதெல்லாம் ஒருவன் கிளம்பினால் ஊரே அவன் பெட்டியில் ஏறிக்கொள்ளும். இன்னார் மகனுக்குக் கருவாடு, இன்னார் மருமகனுக்கு மிளகாய்ப் பொடி, லாத்தாவின் கணவருக்குத் தொதல். என் சட்டைகள் ஓரமாக ஒண்டிக்கொண்டன.

திருச்சி விமான நிலைய வாசலில் காவலர், "உள்ள என்னய்யா?" என்றார். சாதாரணக் கேள்வி. எனக்கோ மிளகாய்ப் பொடி வெடிமருந்தாகவும் கருவாடு பிணமாகவும் தெரிந்தது. "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன் சார்" என்று பெட்டியோடு நகர்ந்தவன், ராமநாதபுரம் பஸ்ஸில்தான் உட்கார்ந்தேன்.

"ஏலே, அதுக்குள்ள லீவு விட்டுட்டாகளா?" என்றார் அய்யா. பெட்டியை அவரே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதுதான் வலித்தது.

பொட்டலங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விசா தந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். லாத்தா தொதலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ வராட்டி மச்சான் தாங்கிக்கிருவாக. தொதல் வராட்டித்தான் தாங்க மாட்டாக" என்றார், கணவரைச் சொல்லி. "அடுத்த வாரம் என் தம்பி போறான். நீயே கூட்டிட்டுப் போயி விடு. போகவும் வரவும் வழி தெரிஞ்சவன் இங்கன நீ ஒருத்தன்தான்."

போனேன். அதே வாசலில் லாத்தாவின் தம்பி பெட்டியோடு பின்னால் நகர்ந்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த நகர்வு. கையைப் பிடித்துக்கொண்டு, "தொதல்னு சொல்லுப்பா, தூக்குலயா போடப் போறாக" என்றேன். சிரித்தபடியே உள்ளே போனான்.

அதன் பிறகு பயணம் கிளம்புகிறவர்களைக் கொண்டுபோய் விடப் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், அடுத்த தெருவிலிருந்தும். வாடகைக் காரில் கூட்டிப்போனது போய்ச் சொந்த வேன் வந்தது. விமானச் சத்தம் கேட்டால் தலைகுனிந்து நின்றவன், இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். உள்ளே நம் சவாரி யாராவது இருக்கலாம். நான் கொண்டுபோய் விட்ட ஒருவர்கூட என்னைப் போல் திரும்பி ஓடிவந்ததில்லை. இதைச் சொல்லும்போது கை தானாக மீசைக்குப் போகிறது, கண்டுகொள்ளாதீர்கள்.

இன்று லாத்தாவின் பேரன் முறை. வேன் நிறைய ஆட்கள் வந்து வாசலில் நின்று அழுத காலம் போய்விட்டது. தனியாக வந்தான், காதில் ஏதோ மாட்டியிருந்தான். விமான நிலைய வாசலில், லாத்தா கொடுத்துவிட்ட தொதலை என்னிடம் நீட்டி, "அங்கன கடையிலயே கிடைக்குது மாமா, நீங்க சாப்பிடுங்க" என்றான்.

பின்னால் நகராமல் நேராக உள்ளே போனான். திரும்பியும் பார்க்கவில்லை. பழக்கத்தில் அவனைப் பிடித்துக்கொள்ள நீண்ட என் கையில் தொதல்தான் இருந்தது.