குழாயிடம் சொன்ன கனவு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் பெரம்பலூர் வீட்டுக் கூடத்தில் ஒரு ராஜ்ஜியம் விரியும். பாயில் ஒரு வரைபடம், இருபது பக்கப் பகடை, ஒரு கிண்ணம் மிக்சர். கொழுந்தன்தான் கதையை நடத்துவான். அவன் சொல்லும் உலகத்தில் என் கணவர் வாள்வீரன், நான் மருத்துவச்சி. செய்ய நினைப்பதைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்தான் தலைவிதி. பாப்பா உள்ளறையில் தூங்கும் நேரம் என்பதால் நானும் உட்கார்ந்துவிடுவேன்.

கதையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாதபோதெல்லாம் கொழுந்தன் எங்களைத் தூங்கவைத்துவிடுவான். கனவுக் காட்சியாம். உடனே புகை வரும். உருகும் மணிக்கூண்டு, பேசும் காக்கை, தலைகீழ் மாடிப்படி. கல்யாண மண்டபத்தில் புகை மெஷினுக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது, அதனால் விட்டே தீருவோம் என்கிற மாதிரி. இவன் வாழ்க்கையில் ஒருநாளாவது கனவு கண்டிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு ஞாயிறு விடியற்காலையில் நான் கண்டேன். அரியலூர் பஸ்ஸில் போகிறேன். மடியில் குக்கர் இருக்கிறது. அதுதான் பாப்பா. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஸ்டாண்டில் இறங்குகிறேன். குக்கர் சீட்டிலேயே இருக்கிறது. பஸ் போகிறது. புகை இல்லை, காக்கை இல்லை. கண்டக்டர்கூட மரியாதையாகத்தான் பேசினார்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். கெட்ட கனவை மனிதர்களிடம் சொல்லக்கூடாது, ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் அம்மா வீட்டு வழக்கம். முதுகலை படித்தவள் நான். ஆனால் மறுநாள் பாப்பாவோடு அதே பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு முழுவதையும் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் தண்ணீருக்குக் கேட்காதோ என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். திரும்பினால், காபி டம்ளரோடு கணவர்.

அன்று மதியம் கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"மருத்துவச்சி தூங்கிட்டாங்க. ஊதா கலர்ல ஒரு பஸ் வருது. ஒரே புகை. டிரைவர் சீட்டுல காக்கா. அண்ணி, உங்க மடியில ஒரு குக்கர்..."

வாளும் வேலுமாக இருக்கிற ராஜ்ஜியத்தில் பஸ் எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. கணவர் மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இவன்கிட்ட சொன்னீங்களா?"

"நல்லா இருந்துச்சேன்னு சொன்னேன்."

குழாயையாவது திருகி மூடலாம்.

"எறங்கிட்டீங்க அண்ணி. பஸ் கெளம்பிருச்சு. குக்கர் உள்ள இருக்கு. உருட்டுங்க! பதினஞ்சுக்கு மேல விழுந்தா முழிச்சுக்கலாம். இல்லாட்டி கொழந்த போச்சு."

வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். ஆனால் அதில் ஏழு விழுந்துவிட்டால், நாளைக்கு அரியலூரில் நான் எப்படி இறங்குவேன்? கனவு ஏற்கெனவே இரண்டு வாய்க்குள் போய் வந்துவிட்டது.

"உருட்ட மாட்டேன்."

"பயமா அண்ணி? வெளையாட்டுதானே."

"தம்பி, எறங்கினப்போ என் கையில என்ன இருந்துச்சு?"

அவன் இதை யோசித்திருக்கவில்லை. "என்ன... ஒரு பை. மஞ்சப்பை."

"அதான் பாப்பா."

"அதெப்படி? பாப்பா குக்கராச்சே!"

"ஏறினப்போ குக்கர். எறங்கினப்போ பை. குக்கர் எப்படிப் பாப்பாவாச்சுன்னு நீ கேக்கவே இல்லியே?"

கணவர் சிரித்தார். "மாட்டுனியாடா!"

கொழுந்தன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். கனவைப் பற்றி அதில் ஒரு அத்தியாயமே இருக்கிறதாம். புகைக்கு விதி இருந்தது, மஞ்சப்பைக்கு இல்லை. கடைசியில், "சரி, முழிச்சுக்கிட்டீங்க," என்றான், தன் வீட்டுச் சொத்தை எழுதிக்கொடுப்பவன் போல.

டம்ளர் கழுவுகிற சாக்கில் எழுந்தேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, குழாயைத் திறந்து, மிச்சக் கதையையும் சொன்னேன்.

மறுநாள் காலை அரியலூர் பஸ்ஸில் பாப்பா என் மடியில் தூங்கினாள். தோளில் மஞ்சப்பை. அதில் இரண்டு கவுனும் ஒரு பால் பாட்டிலும்தான்.

"பையக் கீழ வைங்கம்மா, எடமிருக்கு," என்றார் கண்டக்டர். மரியாதையாகத்தான் சொன்னார்.

"பரவால்லைங்க," என்றேன். ஸ்டாண்டில் இறங்கும்வரை இரண்டையும் விடவில்லை.