லூஷியஸ் போட்ட ப்ளூஸ் ஆல்பம்

என் தங்கை வெர்டெல்லைக் கட்டிக்கொண்ட லூஷியஸ் பெட்வே, மிசிசிப்பியில் எங்கள் கவுண்டியைத் தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். ஆனால் ஐயாவுக்கு, தான் பட்ட பாட்டையெல்லாம் கிதாரோடு பாடும் பெரிய ப்ளூஸ் பாடகன் என்று நினைப்பு. கிதாரைத் தூக்கிவிட்டால் போதும், சரக்கு ரயிலில் தொற்றி ஓடியவனும் அவன்தான், ஷெரிப்புக்குத் தண்ணி காட்டியவனும் அவன்தான். வெட்கமே கிடையாது.

ரிட்டையர் ஆனதும் கராஜில் மைக்கை வைத்துப் பன்னிரண்டு கதைப்பாட்டுகளை ஆல்பமாகப் போட்டான். கிதார் நன்றாகத்தான் வாசிப்பான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஏழாவது பாட்டுதான் வினை. வீடு வீடாக ஐஸ்கட்டி போடும் ஐஸ்காரனோடு ஓடிப்போன பெண்டாட்டியைப் பற்றிய கேலிப்பாட்டு. இந்தக் காலத்தில் ஐஸ்காரன் ஏது என்று கேட்காதீர்கள். மெட்டுக்குப் பொருந்தியதாம், பெண்டாட்டி பெயரையும் 'வெர்டெல்' என்றே பாடிவைத்தான்.

எங்கள் சர்ச் சபையில் வெள்ளைக் கையுறை போட்டு, வருகிறவர்களை உட்காரவைப்பது வெர்டெல்லின் ஊழியம். பத்தொன்பது வருஷமாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் வாரம் முழுக்க உழைத்தாள். மீன் வறுவல் விருந்தில் ஊரே அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்த மறுவாரம், சபையின் மூத்த சகோதரி அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"பேச்சு அடங்கட்டும்மா. கையுறைய குடுத்துட்டுப் போ."

அன்று மதியம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"சபையில எந்திரிச்சு, அது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் வெர்டெல்.

"ப்ளூஸ்ல பொய் சொன்னேன்னு எவனாச்சும் ஒத்துக்குவானா புள்ள? அப்புறம் மிச்சம் பதினொண்ண எவன் நம்புவான்?"

"மாப்ள, நீ ஓட்டுனது மஞ்ச பஸ்ஸு. ஊருக்கே தெரியும்" என்றேன்.

"அந்தப் பாட்டுக்குத்தான் மச்சான் சனம் விழுந்து விழுந்து சிரிக்குது!"

அவள் எழுந்துபோய்ப் பெட்டியில் துணியை அடுக்கினாள். புதன்கிழமை காலை நான்தான் அவளை மெம்பிஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கிளம்பும்போது அவன் கராஜில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. தொலையட்டும், அவள் இருக்கும் விலாசத்தைக் கொடுத்துவிடலாம் என்று பேனாவைத் தேடினேன்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றான். "அவ கொண்டுபோன பெட்டி என்ன கலரு? புதுப்பாட்டு மொத அடியிலயே நிக்குது."